அப்பா என்று அழைக்கும் உறவு



ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிகை மலையடியில் நின்றவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார். புஷ்பக் காவடியைத் தோளில் ஏந்தி, ‘அரோகரா’ என்னும் முழக்கத்தோடு மக்கள் வெள்ளம்போல் மலையேறுவர். படிகள் 365, ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்று எங்கள் ஊரார் கணக்குச் சொல்வர். ஒருவர் தமிழில் வேண்டுவார். அவர் அருகில் ஏறுபவர் தெலுங்கில் வேண்டுவார். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் எங்கள் ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினாலும் மலையேறும் மக்கள் மாறவில்லை.

நான் அவ்வூரில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவன். பல ஆண்டுகள் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவன். ஒரு கிருத்திகை நாள் மாலையில், என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தார். சிறிது நேரம் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஐயா, எங்கள் பாட்டி முருகனோடு சண்டை போடுவாள். கோபம் வந்தால் இரண்டு நாள் விளக்கேற்றாமலும் இருந்துவிடுவாள். பிறகு தானே அழுது சமாதானம் ஆவாள். தங்கள் சமயத்தில் கடவுளோடு இத்தனை நெருக்கம் உண்டா? அல்லது ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் சென்று, ஒழுங்காக அமர்ந்து, திரும்பி வருவதுதானா?” என்று கேட்டார்.

நான் சிறுவயதில் மனப்பாடம் செய்த வினாவிடைப் புத்தகத்திலிருந்து விடை கூறினேன். கடவுள் ஒருவர், அவர் அன்பே வடிவானவர், கிறிஸ்து பெருமானில் தம்மை வெளிப்படுத்தியவர் என்றெல்லாம் சொன்னேன். அவர் பணிவோடு கேட்டுக்கொண்டு விடைபெற்றார். அவர் சென்ற பின்னரே என் பிழை எனக்குப் புலப்பட்டது. அவர் வினவியது உறவைப் பற்றி. நான் விளக்கியது கொள்கையைப் பற்றி. அன்று கூறத் தவறிய விடையையே இன்று உங்களுக்குக் கூற முற்படுகிறேன்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கருதும்போது, எங்கள் ஊரில் பிறந்த பெரியார் ஒருவரின் மாணவப் பருவம் நினைவுக்கு வருகிறது. 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் ஊரிஸ் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். அந்நாளைய மிஷனரிமார் சிலர் இந்து சமயத்தின்மீது தொடுத்த கண்டனங்கள் அவர் உள்ளத்தைப் புண்படுத்தின; தம் முன்னோர் சமயத்தை ஆழ்ந்து கற்கவும் தூண்டின. வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரையைப் பாராட்டியவர், அதே கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய ஏ. ஜி. ஹாக் என்பவர்.

அந்த ஹாக் அவர்கள் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்தொன்று உண்டு. விசுவாசம் என்பது வேறு. விசுவாசத்தைச் சொல்லால் விளக்க நாம் வகுத்துக்கொள்ளும் கோட்பாடுகள் வேறு. முன்னது கடவுளிடம் நம்மை ஒப்புவிக்கும் உயிருள்ள பற்று. பின்னது அப்பற்றுக்கு அறிவு கொடுக்கும் உருவம். 1938ஆம் ஆண்டு தாம்பரத்தில் உலகக் கிறிஸ்தவ மாநாடு கூடியபோது எழுந்த பெரும் விவாதத்திலும் அவர் இதனை எடுத்துரைத்தார். கிறிஸ்தவரல்லாதார் உள்ளத்திலும் கடவுளோடு மெய்யான தொடர்பு இருத்தல் கூடும் என்று அவர் கருதினார். அக்கருத்தை மறுத்தோர் பலர். ஆயினும், கொள்கையைச் சரியாக ஒப்புவிப்பதனாலேயே ஒருவர் கடவுளை அறிந்தவராகிவிடமாட்டார் என்பதனை யார் மறுக்க இயலும்?

கல்லூரியில் சேரும்போது நீங்கள் ஒரு படிவத்தை நிரப்புகிறீர்கள். தந்தையின் பெயர், வயது, தொழில், ஆண்டு வருமானம் ஆகியவற்றை அதில் எழுதுகிறீர்கள். எழுதியவை எல்லாம் உண்மையே. ஆனால் நீங்கள் காய்ச்சலில் கிடந்த இரவில் உறங்காமல் உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை அப்படிவத்தில் இல்லை. படிவம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. படிவத்தையே தந்தையென்று எண்ணிவிடலாகாது என்றுதான் கூறுகிறேன்.

தந்தை என்று சொன்னேன். கிறிஸ்தவ பக்தியின் உயிர்நிலை இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. இயேசு பெருமான் பேசிய மொழி அரமேயம். அம்மொழியில் அவர் கடவுளை அழைத்த சொல் ‘அப்பா’ என்பதாகும். நம் தமிழ்ச் சொல்லும் அச்சொல்லும் ஒலியால் ஒத்திருப்பது தமிழ்க் கிறிஸ்தவனின் செவிக்கு இனிப்பதொன்று. புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டதாயினும், மாற்கு எழுதிய சுவிசேஷத்திலும், பவுல் அடிகள் உரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களிலும் அச்சொல் அரமேய ஒலி மாறாமலே காக்கப்பட்டிருக்கிறது. மொழிபெயர்த்தால் அதன் வெப்பம் குறைந்துவிடும் என்று ஆதித் திருச்சபையார் அஞ்சினர் போலும்.

அது குழந்தையின் மழலைச் சொல் என்று முன்னர்ச் சில அறிஞர் கருதினர். வளர்ந்த மக்களும் தம் தந்தையை அவ்வாறே அழைத்தனர் என்று பின்வந்த ஆராய்ச்சி காட்டியது. ஆகவே அச்சொல்லில் உரிமையும் உண்டு, மரியாதையும் உண்டு. நம் வீடுகளில் மீசை நரைத்த மகனும் ‘அப்பா’ என்றுதானே அழைக்கிறான்!

மாற்கு அச்சொல்லை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பதனை நோக்குங்கள். சிலுவைப் பாட்டிற்கு முந்திய இரவில், கெத்செமனே என்னும் தோட்டத்தில், இயேசு பெருமான் தனித்து ஜெபிக்கிறார். வரவிருக்கும் துன்பம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று மனந்திறந்து கேட்கிறார். பிறகு, தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்திற்குக் கீழ்ப்படுத்துகிறார். துன்பம் நீங்கவில்லை. ஆனால் உறவு அறுபடவில்லை. கேட்டதெல்லாம் கிடைப்பதுதான் கடவுளின் நெருக்கம் என்று எண்ணுவோர் இத்தோட்டத்தில் சிறிது நேரம் நிற்பது நல்லது.

பாட்டியின் சண்டையைப் பற்றி வினவிய மாணவருக்கு இங்கே ஒரு விடை இருக்கிறது. வேதாகமத்தில் உள்ள 150 சங்கீதங்களில் முறையீடும் புலம்பலுமானவை மிகப் பல. ‘ஏன் மறைந்து நிற்கின்றீர்? எத்தனை காலம் காத்திருப்பேன்?’ என்னும் பொருள்படக் கடவுளை நேருக்கு நேர் நின்று கேட்கும் பக்தர்களை அங்கே காணலாம். அயலாரிடம் நாம் அவ்வாறு பேசமாட்டோம். உரிமையுள்ள இடத்தில்தான் ஊடல் தோன்றும்.

இந்த உரிமையைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் மண்ணின் மொழியிலேயே பாடினார்கள். தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’ என்னும் நூலை இயற்றினார். குறவஞ்சி என்றதும் திருத்தணியாருக்கு வள்ளியம்மையின் நினைவு வரும்; குறமகளை நாடி இறைவனே மலைக்கு வந்த கதை எங்கள் ஊர்க் குழந்தைகளும் அறிந்தது. தலைவனை எண்ணித் தலைவி வருந்துதலும், குறத்தி வந்து குறி கூறுதலும் அவ்விலக்கியத்தின் அமைப்பு. சாஸ்திரியார் திருச்சபையைத் தலைவியாகவும் கிறிஸ்துவைத் தலைவனாகவும் வைத்து, அவ்வமைப்பை அவ்வாறே கையாண்டார். வெளிநாட்டார் கொணர்ந்த சமயம் என்று எண்ணப்பட்டது தமிழ்க் காதலின் இலக்கணத்தில் வந்து அமர்ந்தது.

உறவு மனிதனை மாற்றும் விதத்தைக் காண விரும்புவோர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் வாழ்க்கையை நோக்கலாம். 1827ஆம் ஆண்டு நெல்லைச் சீமையில், கம்பராமாயணத்தில் தோய்ந்த வைணவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். சாயர்புரத்தில் கிறிஸ்தவர் நடத்திய கல்விச்சாலையில் தமிழாசிரியராகப் பணியேற்றார். 1858ஆம் ஆண்டு சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கிலேயர் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் பெருங்காப்பியத்தை 1894ஆம் ஆண்டு வெளியிட்டார்.

ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது 31. காப்பியம் வெளிவந்தபோது வயது 67. இடையில் 36 ஆண்டுகள்! ஞானஸ்நானம் ஒரு நாளில் முடிந்துவிட்டது. அந்த உறவு காப்பியமாகக் கனிவதற்கோ அத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன. இன்னொன்றையும் கருதவேண்டும். கம்பனைப் பாடி வளர்ந்த நாவை அவர் வெட்டி எறியவில்லை. அதே நா, அதே விருத்தம், அதே நெஞ்சுருக்கம். அவற்றையெல்லாம் தாம் கண்டுகொண்ட இரட்சகருக்குப் படைத்தார். கடவுளின் உறவு மனிதனை அழித்துவிட்டு வேறொருவனைப் படைப்பதில்லை. அவனிடம் உள்ளதையே எடுத்துத் தூய்மையாக்குகிறது.

பனியனின் கதையில், யாத்திரிகன் முதுகில் பாவச்சுமையோடு புறப்படுகிறான். சிலுவையின் அடியில் அச்சுமை அவிழ்ந்து விழுகிறது. அத்தோடு கதை முடியவில்லை! அதன் பின்னரே அவன் செங்குத்தான மலையில் ஏறுகிறான். இருண்ட பள்ளத்தாக்கைக் கடக்கிறான். ஐயத்தின் கோட்டையில் சிறைப்படுகிறான். மன்னிப்பு நொடியில் கிடைக்கலாம். மாற்றமோ வழிநெடுக நிகழ்வது.

மாற்றம் என்கிறோமே, எதுவாக மாறுவது? இவ்வினாவை ஆராய்ந்தவர் ஏ. ஜே. அப்பாசாமி அவர்கள். 1891இல் பாளையங்கோட்டையில் பிறந்து, ஹார்வர்டிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்று, பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராக விளங்கியவர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927ஆம் ஆண்டு அவர் ஒரு நூல் எழுதினார். யோவானின் சுவிசேஷத்தையும் தமிழ் அடியார்களின் பாடல்களையும் அருகருகே வைத்துக் கற்றவர் அவர். இயேசு பெருமான் தந்தையோடு கொண்டிருந்த ஒற்றுமை அன்பினாலும் கீழ்ப்படிதலினாலும் ஆன ஒற்றுமை என்பது அவர் கொள்கை. அடியார் கடவுளோடு ஒன்றாவதும் அவ்வழியிலேயே. நதி கடலில் கலந்து தன் பெயரை இழப்பது போன்றதன்று; இருவர் இருவராகவே இருந்து, இருவர் விருப்பமும் ஒன்றாவது போன்றது.

திராட்சைச் செடியில் கொடி நிலைத்திருப்பதுபோல் தம்மில் நிலைத்திருக்கும்படி இயேசு பெருமான் சீடருக்குக் கூறிய உவமையை யோவான் எழுதியிருக்கிறார். கொடி தன்னை வருத்திப் பழத்தை உண்டாக்குவதில்லை. செடியோடு ஒட்டியிருக்கிறது, சாறு பாய்கிறது, காலத்தில் பழம் வருகிறது. ஆயினும் பழம் வராத கொடி ஒட்டியிருக்கிறது என்று யாரும் நம்பமாட்டார்கள். கடவுளை நான் அறிவேன் என்று கூறுபவரின் வாழ்வில் பொறுமையும் உண்மையும் மன்னிக்கும் தன்மையும் வளர்கின்றனவா? உறவின் மெய்ம்மையைச் சோதிக்கும் உரைகல் அதுவே.

அந்த உரைகல்லில் நான் தோற்ற கதையையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். எங்கள் தந்தையார் மறைந்தபின், நகரிக்கு அருகே இருந்த சிறிது நிலத்தின் பொருட்டு எனக்கும் என் அண்ணனுக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று. அவர் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் இருந்தார். நான் இப்பால் இருந்தேன். பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம் கூட இல்லை. எனினும் ஒன்பது ஆண்டுகள் நான் அவர் வாசலை மிதிக்கவில்லை. இக்காலம் முழுவதும் நான் ஆலயத்திற்குச் சென்றேன். ஞாயிறுப் பள்ளியில் சிறுவர்க்குப் போதித்தேன். இரவுதோறும் பரமண்டல ஜெபத்தைச் சொன்னேன். பிறர் குற்றங்களை நாங்கள் மன்னிப்பதுபோல் எங்கள் குற்றங்களையும் மன்னியும் என்று வேண்டும் பகுதி அதில் உண்டு. என் நா அதனைத் தடையின்றிச் சொல்லிற்று.

அந்த மாணவர் வந்துபோன இரவிலும் அவ்வாறே ஜெபிக்கத் தொடங்கினேன். அவ்விடத்திற்கு வந்தபோது என் நா எழவில்லை. ‘அப்பா’ என்று நான் அழைப்பவர் என் அண்ணனுக்கும் அப்பா அன்றோ என்ற எண்ணம் நெஞ்சில் தைத்தது. சகோதரனை ஒதுக்கிவிட்டுத் தந்தையோடு மட்டும் உறவாடுவது எங்ஙனம்? ஒன்பது ஆண்டுகளாக நான் பேசியது கடவுளோடுதானா, அல்லது சுவரோடா?

மறுவாரம் நான் நகரிப் பேருந்தில் ஏறினேன். அண்ணன் திண்ணையில் அமர்ந்திருந்தார். மிக மூத்துப் போயிருந்தார். என்னைக் கண்டதும் சிறிது நேரம் பேசாதிருந்து, “சாப்பிட்டாயா?” என்று மட்டும் கேட்டார். நிலத்தின் வழக்கு அன்று தீரவில்லை. அது தீர மேலும் ஓராண்டு ஆயிற்று. என் பங்கில் சிறிது குறைந்தும் போயிற்று. ஆனால் அன்றிரவு நான் அந்த ஜெபத்தை முழுவதும் சொல்ல முடிந்தது. அதன் பொருள் முதன்முறையாக எனக்கு விளங்கியது என்றும் சொல்வேன்.

மாணவ நண்பர்களே, இவ்வுறவை வளர்ப்பது எவ்வாறு என்று நீங்கள் கேட்கலாம். இதில் மறைபொருள் யாதுமில்லை. எந்த நட்பையும் வளர்க்கும் வழிகளே இதற்கும் உரியவை.

முதலாவது, நேரம். நாள்தோறும் குறித்த ஒரு பொழுதைக் கடவுளுக்கென்று ஒதுக்கவேண்டும். கால் மணி நேரமாயினும் போதும். ஆனால் நாள் தவறலாகாது. இரண்டாவது, கேட்டல். நாமே பேசிக்கொண்டிருந்தால் அது உரையாடல் ஆகாது. சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதியை மெல்லப் படித்து, அக்காட்சியில் நாமும் நிற்பதாக எண்ணி, மௌனமாக இருக்கப் பழகவேண்டும். மூன்றாவது, மறைக்காமை. தேர்வைப் பற்றிய அச்சம், நண்பன்மீது கொண்ட பொறாமை, வீட்டில் சொல்லிய பொய் எல்லாவற்றையும் உள்ளபடி கூறிவிடவேண்டும். அலங்காரமான ஜெபத்தைவிட உண்மையான ஜெபம் சிறந்தது. நான்காவது, செயல். அந்த அமைதியில் உள்ளத்தில் தோன்றும் கடமை எதுவாயினும், அதனை அன்றே ஒரு படி நிறைவேற்றவேண்டும். மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் கேளாமல் மறுநாளும் ஜெபிக்க அமர்ந்தால், அந்த ஜெபம் கசக்கத்தான் செய்யும்.

படிப்பும் வேலையும் நெருக்கும்போது இதற்கெல்லாம் நேரமேது என்பார் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடமொன்றில் லாரன்ஸ் என்னும் சகோதரர் இருந்தார். அவருக்கு வாய்த்தது சமையலறை வேலை. இயல்பாக அவர் விரும்பாத வேலை. பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலேயே கடவுளின் முன்னிலையில் இருப்பதாக உணரப் பழகினார். ஆலயத்தில் மண்டியிடும் பொழுதுக்கும் அடுப்படியில் நிற்கும் பொழுதுக்கும் வேற்றுமை இல்லாதவாறு அவர் வாழ்வு அமைந்தது. அடுப்படியில் இயன்றது விடுதி அறையில் இயலாதா?

இன்னும் ஓர் எச்சரிக்கை. எல்லா நாட்களிலும் உள்ளம் உருகாது. வறண்ட நாட்கள் வரும். வாரக்கணக்கில் தொடரவும் கூடும். அப்போது, ‘எனக்குக் கடவுளின் உறவு இல்லை’ என்று சோர்ந்துவிடாதீர்கள். உணர்ச்சி உறவின் மலர், வேர் அன்று. மலர் உதிரும் பருவத்திலும் வேர் நீரை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.

எங்கள் ஊரைப் பற்றிய மரபொன்று உண்டு. 1835ஆம் ஆண்டு மறைந்த இசைமேதை முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் திருத்தணிகைக்கு வந்தபோது, முதியவர் உருவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டு இட்டதாகவும், அதன்பின்னரே அவர் பாடத் தொடங்கியதாகவும் கூறுவர். வேற்றுச் சமயத்தவனாகிய எனக்கும் அக்கதையில் ஓர் உண்மை தென்படுகிறது. இனிப்பு முன்னர்; பாட்டு பின்னர். கிறிஸ்தவ விசுவாசமும் அதனையே சொல்கிறது. நாம் கடவுளைத் தேடப் புறப்படுமுன்னரே அவர் நம்மைத் தேடிப் புறப்பட்டுவிட்டார். நம் ஜெபம் முதற்பேச்சு அன்று. அவர் பேசியதற்கு நாம் கூறும் மறுமொழி.

சில ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த மாணவரை மீண்டும் சந்தித்தேன். “நீங்கள் அன்று கேட்ட வினாவுக்கு நான் சரியாக விடை கூறவில்லை” என்று சொல்லி, என் அண்ணன் வீட்டிற்குச் சென்ற கதையைச் சொன்னேன். அவர் சிரித்து, “அப்படியானால் எங்கள் பாட்டியைப்போல் தாங்களும் சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருக்கிறீர்கள், ஐயா” என்றார்.

ஆம் என்றேன். டிசம்பர் 31ஆம் நாளிரவு எங்கள் மலையில் படித்திருவிழா நடக்கும். படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடி அடியார்கள் ஏறுவார்கள். கீழே என் வீட்டில் அமர்ந்து அந்த ஒலியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் எண்ணம் எழும். ஆண்டு முழுவதையும் ஒரே மூச்சில் யாரும் ஏறிவிட இயலாது. இன்றைய படி ஒன்றுதான். அதனை ‘அப்பா’ என்று அழைத்து ஏறுவோமாக.